கம்பளத்தின் ஓரமும் காபட் வீதியின் ஓரமும்

மலையகத் தோட்டப்புறங்களில் "காபட்" என்று சொன்னால் பெரும்பாலானோருக்கு முதலில் நினைவுக்கு வருவது தார்க்கலவை விரித்த வீதிதான். "எங்கள் பாதையைக் காபட் பண்ணித் தாருங்கள்" என்பது தேர்தல் காலங்களில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை என எங்கும் ஒலிக்கும் கோரிக்கை. அந்தச் சொல்லின் மூலப்பொருளான தரைக் கம்பளத்தைத் தோட்ட மக்களில் அன்றாடம் மிதித்தவர்கள் பங்களாக்களிலும் விடுதிகளிலும் வேலை செய்தவர்கள் மட்டுமே. அவர்களும் அதைப் பெரும்பாலும் பெருக்குவதற்காகவும் தூசு தட்டுவதற்காகவுமே மிதித்தார்கள்.

இக்கட்டுரை அந்த இரண்டு காபட்டுகளின் ஓரங்களைப் பற்றியது. கம்பளம் நடு மண்டபத்தில் எவ்வளவு நேர்த்தியாக விரிக்கப்பட்டிருந்தாலும், அது முடிந்து மரத்தரையோ சீமெந்துத் தரையோ டைல்ஸோ தொடங்கும் இடத்தைப் பார்த்தால்தான் வேலையின் தரம் தெரியும். வீதியும் அப்படியே. அந்த ஓரத்தை எவரும் தம்முடைய வேலையாகக் கருதுவதில்லை என்பதே என் முறைப்பாடு. சிறிய விடயம் என்று தோன்றலாம். அது அவ்வளவு சிறியதல்ல என்பதை இயன்றவரை விளக்குகிறேன்.

மலைநாட்டுக்குக் கம்பளம் வந்ததற்குக் காரணம் ஆடம்பரம் மட்டுமன்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து விடியற்காலைகளில் அங்கு புல்லின் மீது உறைபனி படர்வதுண்டு. கணப்பு அடுப்பும் மரத்தரையும் கம்பளமும் அந்தக் குளிருக்கு ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த விடைகள். 1876 இல் தொடங்கப்பட்ட ஹில் கிளப்பிலும், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் இல்லமாக இருந்து 1891 இல் ஹோட்டலாக மாறிய கிராண்ட் ஹோட்டலிலும், மலைச்சரிவுகளில் எழுந்த எண்ணற்ற துரை பங்களாக்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியது.

அக்காலத்துக் கம்பளத்தின் ஓரம் எப்படி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது சுவருக்குச் சுவர் விரிக்கப்பட்டதன்று. தறியில் நெய்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரமோ நீள்சதுரமோ ஆன விரிப்பு அறையின் நடுவில் கிடக்கும். சுற்றிலும் ஓரடி, இரண்டடி அகலத்துக்கு மெருகேற்றிய மரத்தரை தெரியும். கம்பளத்தின் விளிம்பு தறியிலேயே கட்டப்பட்டிருக்கும், அல்லது நாடா வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். ஆகவே நூல் பிரியாது. அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய், வெயில் அடிக்கும் நாளில் புல்வெளியில் போட்டு அடித்துத் தூசு போக்கலாம். ஈரம் ஊறிக் கிடக்கும் மலைநாட்டில் இந்த வெயில் காட்டல் மிக அவசியமானது. கம்பளத்தைத் தோளில் சுமந்து சென்றவர்களும், மரத்தரைக்கு மெழுகு தேய்த்தவர்களும், விறாந்தையின் சிவப்புச் சீமெந்தைக் கண்ணாடிபோல் ஆக்கியவர்களும் லயங்களிலிருந்து வந்தவர்களே.

மாலையில் அவர்கள் திரும்பிச் சென்ற தரை வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரு காம்பரா. அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. சாணம் மெழுகிய மண்தரை, பிற்காலத்தில் சீமெந்துத் தரை. பங்களாவில் மூன்று வகைத் தரைகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களை நாள்தோறும் துடைத்துப் பழகியவர்களின் வீட்டில், சேர்வதற்கு இரண்டாவது தரை என்று ஒன்று இருக்கவில்லை.

கம்பளத்தின் கதை இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாறியது. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டால்ட்டன் நகரை மையமாகக் கொண்டு, இயந்திர ஊசிகளால் நூலைத் துணியில் குத்திப் பின்புறம் பசை பூசிச் செய்யும் மலிவான கம்பளம் பெருகியது. சுவருக்குச் சுவர் விரிக்கும் வழக்கம் அதனோடு உலகெங்கும் பரவியது. இத்தகைய கம்பளத்தை எங்கே வெட்டினாலும் அங்கே நூல் பிரியும். அதற்குத் தன்னளவில் கட்டிய விளிம்பு கிடையாது. விளிம்பை விரிப்பவர்தான் உண்டாக்க வேண்டும்.

மலையகத்தில் இது பெருமளவில் ஒரு கேள்வியாக எழுந்தது அண்மைக் காலத்தில்தான். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கந்தப்பளையில் மூடப்பட்டிருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய பங்களாக்கள் 2005 முதல் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாயின. அவற்றுள் தியன்சின் பங்களா 1888 இல் கட்டப்பட்டது. பழைய கட்டடத்தை மதித்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள். இவற்றைப் பார்த்து, சிறிய பங்களாக்களும் தனியார் வீடுகளும் விடுதிகளாக மாறின. நல்ல காரியந்தான்; தோட்டத்து இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் வேகமாக மாற்றும்போது முதலில் கைவிடப்படுவது ஓரங்களே.

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டனுக்கு அப்பால் ஒரு விடுதியில் இரண்டு இரவுகள் தங்கியிருந்தேன். பெயர் இங்கு தேவையில்லை. உணவு மண்டபத்தில் டைல்ஸ். அதையொட்டிய இருக்கை மண்டபத்தில் கம்பளம். இரண்டும் சேரும் இடத்தில் கம்பளத்தைக் கத்தியால் வெட்டிப் பசை வைத்து அழுத்தியிருந்தார்கள். பசை விட்டுப் போய், விளிம்பு ஒரு விரற்கடை உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. தேநீர்த் தட்டுடன் வந்த இளைஞர், கண் தட்டிலேயே இருக்க, அந்த இடத்தில் மட்டும் காலைச் சற்றுத் தூக்கி வைத்து வந்தார். நாள் முழுவதும் போகும்போதும் வரும்போதும் அதே தூக்கல். கேட்டேன். "பழகிப் போச்சுங்க ஐயா. புதுசா வந்த பிள்ளைகள்தான் முதல் வாரம் விழுவாங்க" என்றார்.

அவர் சொன்ன சொல் எனக்கு உறைத்தது. தரையின் குறையைத் தரை திருத்திக்கொள்ளவில்லை. அவருடைய கால் திருத்திக்கொண்டது. நம் மக்கள் இருநூறு ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான் என்று எழுதினால் மிகையாகத் தோன்றலாம். ஆயினும் மலையகத்தை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள் என நம்புகிறேன்.

சரியாகச் செய்வது அப்படியொன்றும் கடினமான வித்தையன்று. சுவரோரமாக, ஆணிமுனைகள் சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மெல்லிய மரப்பட்டையைத் தரையில் அடிப்பார்கள். சுவருக்கும் பட்டைக்கும் இடையே கம்பளத்தின் தடிப்பைவிடச் சற்றுக் குறைவான இடைவெளி விடப்படும். கம்பளத்தை இழுத்து ஆணிமுனைகளில் மாட்டி, எஞ்சிய விளிம்பை அந்த இடைவெளிக்குள் மடித்துச் செருகுவார்கள். வாசலில் சுவர் இல்லை. ஆகவே அங்கு உலோகப் பட்டி வேண்டும். கம்பளத்தின் விளிம்பை உள்ளே கவ்விக்கொண்டு, மேல் உதடு மடிந்து அழுத்தும் பட்டி ஒரு வகை. இரண்டு தரைகளின் மேலும் தட்டையாகப் படியும் பட்டி இன்னொரு வகை. ஒரு தரை உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருந்தால், சரிவாகச் செதுக்கிய மரப் பீடிங் அல்லது சரிவான உலோகப் பட்டி பொருத்த வேண்டும். பட்டி எங்கே அமைய வேண்டும் என்பதற்கும் ஒரு விதி உண்டு. கதவை மூடினால் அது கதவின் தடிப்புக்கு நேர் கீழே மறைய வேண்டும். அப்போதுதான் இந்த அறையிலிருந்து பார்ப்பவருக்கு அந்த அறையின் தரை எட்டிப் பார்க்காது.

மலைநாட்டுக்கென்று மேலும் இரண்டு மூன்று கவனங்கள் தேவை. மழைக்காலத்தில் மரத்தரை ஈரத்தை உறிஞ்சி விரியும். வறண்ட காலத்தில் சுருங்கும். ஆகவே பட்டியை இரண்டு தரைகளிலும் இறுக்கித் திருகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் திருகி, மறுபக்கம் மரம் அசைய இடம் விட வேண்டும். இரும்புத் திருகாணி துருப்பிடித்துக் கம்பளத்தில் கறையை ஏற்றும். பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ நல்லது. திருகாணியின் தலை பட்டியின் பரப்புக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். கம்பளத்துக்கு அடியில் ஈரம் தங்குமாயின் சணலால் ஆன பின்புறத் துணி உக்கிப் போகும். நனைந்த காலோடு ஆட்கள் நுழையும் வாசலில் கம்பளத்தைத் தொடங்காமல், ஓரிரு அடி சீமெந்துத் தரையையோ தும்புப் பாயையோ முதலில் வைப்பது பழைய பங்களாக்காரர்கள் அறிந்த விவேகம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? என் அனுபவத்தில் காரணம் கூலிக் கணக்கில் இருக்கிறது. டைல்ஸ் பதிப்பவருக்குச் சதுர அடிக்குக் கூலி. கம்பளம் விரிப்பவருக்கும் சதுர அடிக்குக் கூலி. தச்சருக்குக் கதவுக்கும் நிலைக்கும் கூலி. ஓரம் என்பது சதுர அடி அன்று, அது நீள அடி. எவருடைய மதிப்பீட்டிலும் அது தனி வரியாக எழுதப்படுவதில்லை. மேசன் பாஸ் தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார். கம்பளக்காரர் வந்து, டைல்ஸின் விளிம்பு கோணலாக இருக்கிறது என்கிறார். தச்சரை அழைத்தால், இது தம் வேலையில் சேராது என்கிறார். மூவருமே பொய் சொல்லவில்லை. எவருக்கும் உரியதல்லாத ஓரங்குல இடைவெளியில், தட்டுச் சுமந்து வருபவரின் பெருவிரல் மோதுகிறது.

வேறு நாடுகள் இந்த ஓரங்குலத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக 1990 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் 2010 இல் புதுப்பிக்கப்பட்ட கட்டட நியமங்கள், கம்பளத்தின் வெளித்தெரியும் விளிம்புகள் தரையோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும், விளிம்பின் முழு நீளத்துக்கும் பட்டி இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இரு தரைகளின் உயர வேறுபாடு 6.4 மில்லிமீற்றர் வரை இருந்தால் அப்படியே விடலாம். அதற்கு மேல் 13 மில்லிமீற்றர் வரை சரிவு கொடுக்க வேண்டும். அதையும் தாண்டினால் சாய்தளம் அமைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்காக எழுதப்பட்ட அளவுகள் இவை, பயன்பெறுவோர் எல்லோருமே. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில், வீதி விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே. விழுவோரில் முதியவர்களே அதிகம் உயிரிழக்கிறார்கள்.

முதியவர் என்றதும் பேச்சு விடுதியை விட்டு லயத்துக்கு வந்தாக வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடையைச் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்த ஒரு பாட்டிக்கு முழங்கால் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது லயத்துக் காம்பராக்களிலும் புதிய வீடுகளிலும் சீமெந்துத் தரையின் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்கள். குளிர்ந்த சீமெந்தில் கால் வைக்காமலிருக்க எளியவர் கண்ட வழி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஈரச் சீமெந்தில் பசை நிற்பதில்லை. ஆறு மாதத்தில் வாசலோரம் சுருண்டு எழும்புகிறது. அடுப்படிக்கும் காம்பராவுக்கும் இடையே தரை மட்டமும் வேறு. இருட்டில் எழுந்து செல்லும் கால் அங்கேதான் தடுக்குகிறது. விரிப்பை நிலைக்கு நான்கு விரல் முன்னதாகவே வெட்டி நிறுத்தி, அதன் விளிம்பின் மேல் மெல்லிய பீடிங் ஒன்றை வைத்துத் திருகிவிட்டால் போதும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகள் போடாதிருக்க வேண்டும். சுருண்டதை ஆணி அடித்து வைக்காமல் வெட்டி எறிய வேண்டும். செலவு அதிகமில்லை, யாராவது சொல்லித் தரத்தான் வேண்டும்.

இந்திய உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளுக்கான திட்டம் தொடங்கியது. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற நிலை, லயத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். அத்தகைய வீடுகளில் அறைக்கு அறை, அறைக்கும் விறாந்தைக்கும், விறாந்தைக்கும் முற்றத்துக்கும் இடையே தரைமட்டம் எவ்வாறு மாற வேண்டும் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. பயனாளி பின்னர் டைல்ஸ் பதிப்பார், விரிப்பு போடுவார் என்பது நிச்சயம். அதற்கான உயரத்தை வாசலில் முன்கூட்டியே விட்டுவைப்பதற்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது.

இனி இரண்டாவது காபட். பிரதான வீதிக்குக் காபட் இடும்போது பழைய தளத்தின் மேல் புதிய படை ஏறுகிறது. வீதி உயர்கிறது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. எதிரே வரும் பேருந்துக்கு இடம் கொடுக்கச் சில்லை இறக்கிய முச்சக்கர வண்டி, மீண்டும் ஏற முடியாமல் தடுமாறுவதை ஹட்டன் பக்கம் பயணித்தவர்கள் கண்டிருப்பீர்கள். செங்குத்தாக வெட்டிய விளிம்பில் ஏற முயலும் சில்லு திடீரென்று திமிறி ஏறும்போது வண்டி எதிர்ப்புறம் பாய்ந்துவிடும். இதற்காக அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம், தார்ப்படையின் ஓரத்தை ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அழுத்தி முடிக்கும் முறையைப் பரிந்துரைக்கிறது. உயர வேறுபாட்டுக்குச் சரிவான பீடிங் வைப்பது போன்ற அதே யோசனைதான், அளவு மட்டும் பெரியது.

தோட்டப் பாதை பிரதான வீதியைச் சந்திக்கும் வாய் இதனினும் மோசம். காபட் ஒரு கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். அப்பால் கல்லும் குழியும். மகப்பேற்றுக்கு விரையும் தாயை ஏற்றிய வண்டி அந்தப் படியில் இறங்கி ஏற வேண்டும். யாருடைய பொறுப்பு என்று கேட்டால், வீதி அதிகார சபை தன் எல்லை முடிந்தது என்கிறது. தோட்ட நிர்வாகம் நிதி இல்லை என்கிறது. பிரதேச சபையோ நீண்ட காலம் சட்டத்தைக் காட்டியது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டப்புறங்களில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வாக்களிக்கும் உரிமை உண்டு, சபையின் விளக்கும் வடிகாலும் இல்லை என்ற விசித்திரம் 2018 இல் அச்சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! அரசு என்ற தரையும் தோட்டம் என்ற தரையும் சந்திக்கும் இடத்தில் பட்டி வைக்க எவரும் இருக்கவில்லை. சட்டம் திருந்திய பின்னரும் பல சந்திகளில் அந்தப் படி அப்படியே இருப்பதை நான் பார்க்கிறேன்.

கூரைத் தகரம் ஒழுகும்போது, காணி உறுதி கைக்கு வராதபோது, நாட்கூலிக்காக இன்றும் போராட வேண்டியிருக்கும்போது, கம்பளத்தின் ஓரத்தைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கூரையும் காணியும் கூலியும் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெரிய பிரச்சினைகள் தீரும்வரை சிறியவை காத்திருக்கட்டும் என்ற வாதத்தை மலையகம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. ஓரங்களைத் திருத்துவதற்குப் பாராளுமன்றமும் தேவையில்லை, கூட்டு ஒப்பந்தமும் தேவையில்லை. மதிப்பீட்டில் ஒரு வரி போதும்.

நம் முன்னோர் வாசல் நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். அதை மிதிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். உள்ளும் வெளியும் சந்திக்கும் இடத்தில் ஒரு கணம் கவனமாக இரு என்பதே அதன் உலகியற் பொருள். அந்தக் கவனத்தைத்தான் இன்று ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதக் கேட்கிறேன். விடுதி உரிமையாளர்கள், தரை வேலைக்கு விலை கேட்கும்போதே ஓரங்களை நீள அடிக் கணக்கில் தனியாக எழுதி, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வீதி ஒப்பந்தங்கள், ஒவ்வொரு தோட்டப் பாதையின் வாயிலும் சில மீற்றர் தூரம் சரிவாக இறங்கி முடியும் வண்ணம் எழுதப்பட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள், இந்த முடிப்பு வேலையைத் தமிழில் ஒரு பாடமாகக் கற்பித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி செய்ய வேண்டும். தரை வேலைக்காகக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகும் தோட்டத்து இளைஞர்கள் பலர். கையில் சான்றிதழ் இருந்தால் உதவியாளர் கூலிக்குப் பதிலாக வினைஞர் கூலி கேட்கலாம்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் வந்து விடுதிகளில் தங்குகிறீர்கள். இணையத்தில் உணவையும் காட்சியையும் பாராட்டி எழுதுகிறீர்கள். அடுத்த முறை வாசலோரத்துத் தரையையும் ஒருதரம் பாருங்கள். விளிம்பு எழும்பியிருந்தால் நிர்வாகத்திடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு நாட்களில் போய்விடுவீர்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டுகிறவர் நாளைக்கும் தாண்ட வேண்டும்.